வேலியும் காவலும்

2017 ஆம் ஆண்டிலே துருக்கி நாடு, ஈரானுடன் தனக்குள்ள எல்லையிற் கொங்கிறீற்றுச் சுவர் ஒன்றை எழுப்பத் தொடங்கிற்று. அராரத் மலையை அண்டிய ஆக்ரி, இக்தீர் மாகாணங்களில் ஆரம்பித்த அவ்வேலை, 2021 ஓகஸ்ட் மாதத்திற் காபூல் நகரம் தலிபான்களின் வசமான பின்னர், தெற்கேயுள்ள வான் மாகாணத்தில் மிக விரைவாக நடைபெறலாயிற்று. ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரானைக் கடந்து நடந்தே வரும் ஏதிலிகளைத் தடுப்பது அதன் நோக்கமென்று கூறப்பட்டது. சிரிய எல்லையிலே 700 கிலோமீற்றருக்கு மேல் நீளமான சுவரைக் கட்டிய அனுபவமும் துருக்கிக்கு இருந்தது. ஈரானும் பின்தங்கி நிற்கவில்லை. 2024 இல் ஆப்கானிஸ்தானுக்கு எதிரே, தன் கிழக்கெல்லையில், சுவரும் முள்வேலியும் அமைக்கும் வேலையை அதுவும் தொடங்கிற்று. மேற்கிலே அயலவனால் வேலியடைக்கப்பட்ட நாடு, கிழக்கிலே தானே வேலியடைக்கிறது.

இச்சுவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 1639 என்னும் ஆண்டு நினைவூட்டப்படுகிறது. அவ்வாண்டு மே மாதம் 17 ஆந் திகதி உதுமானியப் பேரரசுக்கும் சபவியப் பாரசீகத்துக்கும் இடையே உண்டான உடன்படிக்கையைச் சுஹாப் உடன்படிக்கை என்றும், கஸ்ர்-இ-ஷிரீன் உடன்படிக்கை என்றும் வரலாற்றாசிரியர் வழங்குவர். அன்று வகுத்த எல்லை இன்றுவரை மாறவில்லை என்பது துருக்கிய அரசியல்வாதிகள் மேடைகளில் விரும்பிச் சொல்லும் வாசகம். நானூறு ஆண்டுகளை நெருங்கும் இவ்வெல்லை உலகின் மிகப் பழைய எல்லைகளுள் ஒன்றென நம் பத்திரிகைகளும் அவ்வப்போது எழுதுகின்றன. அவ்வளவு உறுதியான எல்லைக்கு இத்தனை காலம் கழித்துச் சுவர் எதற்கு? இவ்வினா என்னைச் சில காலமாகத் தொடர்ந்து வருகிறது. இதற்கு விடை காண, எல்லைக் கல்லை மட்டும் பாராமல் அக்கல்லைக் காத்த படையையும் பார்க்க வேண்டுமென்பது என் கருத்து.

படையைப் பற்றிப் பேசுமுன் சில சொற்களை நோக்குவோம். இன்றைய செய்திகளில் ஈரானியப் புரட்சிக் காவற்படை ‘சிபாஹ்’ எனப்படுகிறது. படை என்னும் பொருள் தரும் இப்பாரசீகச் சொல்லிலிருந்தே ‘சிபாஹி’ என்ற சொல் பிறந்தது. உதுமானியரிடம் குதிரைவீரனைக் குறித்த அச்சொல், இந்தியாவுக்கு வந்து, தமிழிலே ‘சிப்பாய்’ ஆயிற்று. ‘துப்பாக்கி’ என்று நாம் தயக்கமின்றி எழுதும் சொல் துருக்கிய மூலத்தது. ‘உருது’ என்னும் மொழிப்பெயர், பாளையத்தைக் குறிக்கும் துருக்கியச் சொல்லான ‘ஓர்து’ என்பதன் திரிபு. பண்டைப் பாரசீகத்தின் மாகாணாதிபதியைக் குறித்த சொல்லே இந்திய வரலாற்றில் ‘க்ஷத்ரபர்’ என்று பயில்கிறது. ஆகவே இது நமக்கு முற்றும் அயலான கதையன்று. அப்படைகளின் சொற்கள் நம் அகராதியிற் குடியேறி வெகுகாலமாயிற்று.

காவலனுக்கும் ஒரு காவல்

அக்கிமெனியர் எனப்படும் பழம் பாரசீக மன்னர், கி.மு. 6 ஆம் நூற்றாண்டிலிருந்து ஈஜியன் கடல் முதல் சிந்துநதி வரை ஆண்டனர். அத்துணைப் பெரிய நிலத்தை ஒருவர் நேரே காத்தல் இயலாது. எனவே மாகாணந்தோறும் ஓர் ஆளுநர் நியமிக்கப்பட்டார். ஆனால் மாகாணத்துக் கோட்டைகளிலிருந்த காவற்படைகளின் தலைவர், ஆளுநருக்குக் கட்டுப்படாது மன்னருக்கே நேரிற் பொறுப்புடையவராயிருந்தனர் என்று கிரேக்க ஆசிரியர் செனபோன் கூறுகிறார். வரி திரட்டுபவன் கையிற் கோட்டை இருக்கலாகாது. கோட்டையைக் காப்பவன் கையில் வரி இருக்கலாகாது. இதுவே அவ்வேற்பாட்டின் உட்கருத்து. மன்னரைச் சூழ்ந்து 10,000 வீரரைக் கொண்ட ஒரு படை நின்றதென்றும், ஒருவன் வீழ்ந்தால் உடனே வேறொருவன் அவ்விடத்தை நிரப்பியதால் அது ‘சாவா வீரர்’ படை எனப்பட்டதென்றும் ஹெரடோட்டஸ் எழுதினார். சார்திஸ் நகரிலிருந்து சூசா நகருக்குச் சென்ற இராசபாட்டை நடைவழியாக 90 நாட்பயணம் என்பதும் அவர் தந்த கணக்கே. எல்லையிலே ஒரு கலகம் எழுந்தால், செய்தி குதிரையேறிச் சில நாட்களில் வந்தாலும் படை போய்ச்சேர மாதங்கள் ஆகும். எல்லைக்கும் தலைநகருக்கும் இடையிலுள்ள இத்தூரமே, பின்வந்த பேரரசுகள் யாவற்றுக்கும் தலைநோவாய் முடிந்தது.

பார்த்தியர் காலத்தில் இந்நோவு வேறு வடிவம் எடுத்தது. கி.மு. 53 இல், கார்ரே என்னுமிடத்தில், சூரேனா என்ற பார்த்தியப் பிரபு வில்லேந்திய குதிரைவீரரைக் கொண்டு உரோமத் தளபதி கிராசசின் பெரும் படையை அழித்தான். உரோமருக்கும் பாரசீகத்துக்கும் யூப்பிரட்டீசு நதி எல்லையாக நிலைபெற்றதற்கு அவ்வெற்றி ஒரு முக்கிய காரணம். ஆனால் எல்லையை மீட்டுத் தந்த அத்தளபதி நெடுநாள் வாழவில்லை. அவனுடைய புகழைப் பொறாத மன்னன் ஓரோதஸ் அவனைக் கொல்வித்தான். பார்த்தியப் படை மன்னனுடைய படையன்று; பெருங்குடிப் பிரபுக்கள் தத்தம் நிலத்திலிருந்து அழைத்து வந்த படை. அத்தகைய படையாற் கிடைத்த வெற்றி, மன்னனுக்குத் தோல்வியைப் போலவே அச்சந் தந்தது. வெளிப் பகைவனுக்கு அஞ்சிப் படை வைத்தவன், பின்னர் அப்படைக்கே அஞ்ச வேண்டியிருந்தது.

சாசானியரின் செந்நிறச் சுவர்

சுவர் கட்டும் வழக்கத்திற் பாரசீகத்தை விஞ்சியோர் சிலரே. காஸ்பியன் கடலின் தென்கிழக்குக் கரையிலிருந்து மலையடிவாரம் வரை, ஏறக்குறைய 195 கிலோமீற்றர் நீளத்துக்கு, சாசானிய மன்னர் செங்கற் சுவரொன்றைக் கட்டினர். குர்கான் பெருஞ்சுவர் என்று அறியப்படும் அதனைச் செம்பாம்பு என்று பொருள்படும் பெயராலும் மக்கள் வழங்கினர். முப்பதுக்கு மேற்பட்ட கோட்டைகள் அச்சுவரை ஒட்டி நின்றன. ஏறக்குறைய 15,000 முதல் 36,000 வரையான வீரர் அங்கு தங்கியிருக்கலாமென அகழ்வாராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர். வட பாலைநிலத்திலிருந்து வந்த ஹூணர் முதலிய குதிரைக் கூட்டங்களைத் தடுப்பதே அதன் நோக்கம். 484 இல் மன்னன் பேரோஸ் ஹெப்தலைட்டுகளுடன் பொருது களத்திலே மடிந்தான் என்பதை நினைத்தால், அவ்வச்சம் வெறுங் கற்பனையன்று என்பது புலனாகும். காஸ்பியனின் மேற்குக் கரையிலே, மலைக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வழியைத் தெர்பந்து நகரத்துக் கற்சுவர் அடைத்தது. அடைத்த வாயில் என்பதே அந்நகரின் பெயருக்குப் பொருள்.

531 முதல் 579 வரை ஆண்ட முதலாம் குஸ்ரோ, நாட்டை நான்கு திசைகளாகப் பிரித்துத் திசைக்கொரு பெருந்தளபதியை நியமித்தான். அவர்கள் ‘ஸ்பாஹ்பத்’ எனப்பட்டனர். இச்செய்தியைப் பிற்கால நூல்கள் கூறியதோடு, அத்தளபதிகளின் முத்திரை பதிந்த களிமண் துண்டுகளும் கிடைத்துள்ளன. நிலவரியைச் சீராக்கி, சிறு நிலக்கிழாருக்குப் படைக்கலமும் ஊதியமும் தந்து, பெரும் பிரபுக்களின் பிடியிலிருந்து படையை விடுவிக்க அம்மன்னன் முயன்றான். முயற்சி முழுப்பயன் தரவில்லை. அவன் இறந்து சில ஆண்டுகளில், 590 இல், பஹ்ராம் சோபின் என்னும் தளபதி அரியணையைக் கைப்பற்றினான். 630 இல் ஷஹர்பராஸ் என்ற மற்றொரு தளபதி அதனையே செய்தான்.

தென்மேற்கிலே நிலைமை வேறு. அரேபியப் பாலைவனத்தின் வாயிலை ஹீரா நகரத்து லக்மியர் என்னும் அரபுச் சிற்றரசர் காத்து வந்தனர். பாலைவனத்து மக்களை அறிந்த பாலைவனத்துக் காவலர் அவர்கள். 602 ஆம் ஆண்டளவில் இரண்டாம் குஸ்ரோ, லக்மிய மன்னன் நுஃமானை ஒழித்து அவ்வரசை அழித்தான். பின்பு 628 வரை உரோமருடன் நீண்ட யுத்தம். அக்காலத்திலேதான் குர்கான் சுவரிலிருந்த வீரரும் அவ்விடத்தை விட்டகன்றனர் என்பது அகழ்வாராய்ச்சியின் முடிவு. 630 களில் அரபுப் படைகள் எழுந்தபோது, வந்த வழி காவலில்லாத வழி. காவலரை அரசே ஒழித்துவிட்ட வழி. காதிசிய்யாவிலும், 642 இல் நஹாவந்திலும் சாசானியப் படை முறிந்தது. 651 இல் கடைசி மன்னன் யஸ்தகிர்து கொலையுண்டான். வடக்கிலே அவன் முன்னோர் கட்டிய செங்கற் சுவர் அப்போதும் நின்றுகொண்டிருந்தது.

எல்லைக்கு அனுப்பப்பட்டவர்கள்

துருக்கியர் இக்கதையினுள் முதலிற் புகுந்தது பகைவராக மட்டுமன்று. கூலிப்படையாகவும், அடிமை வீரராகவுங்கூட. சுற்றமும் குலமும் அற்ற இளைஞனை விலைக்கு வாங்கி, போர் பயிற்றி, அரசனையன்றி வேறு புகலறியாதவனாக வளர்த்தால் அவன் துரோகம் செய்யான் என்ற நம்பிக்கையில் ‘குலாம்’ என்னும் அடிமைப்படை எழுந்தது. அந்நம்பிக்கை எத்துணை வலியது என்பதற்குக் கஸ்னவியரே சான்று. அவ்வரசின் முதல்வன் சபுக்தகின், அத்தகைய அடிமை வீரனாக இருந்து ஆட்சிக்கு வந்தவன்.

1040 இல் தந்தனகான் போரிலே கஸ்னவியரை வென்று செல்சூக்கியத் துருக்கியர் ஈரானின் அதிபதிகளாயினர். அவர்களை அரியணையேற்றியவை, ஆடுமேய்த்துத் திரிந்த துர்க்மேனியக் குலங்கள். ஆனால் நகரங்களையும் வயல்களையும் வரிகளையும் உடைய சுல்தானுக்கு, அக்குலங்கள் விரைவிலேயே தொல்லையாயின. பயிரை மேய்ந்து ஊரைச் சூறையாடும் உறவினரைத் தண்டிக்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. அவர்களை மேற்கே, பைசாந்திய எல்லையை நோக்கித் திருப்பிவிடுவது வசதியாயிற்று. அந்த ஓட்டத்தின் விளைவே 1071 இல் மன்சிகேர்த்திற் பைசாந்தியப் பேரரசன் சிறைப்பட்டதும், அனத்தோலியா துருக்கிய நாடாகத் தொடங்கியதும். உள்நாட்டில் அடங்காதவனை எல்லைக்கு அனுப்புவது பேரரசுகளின் பழைய தந்திரம். அனுப்பப்பட்டவன் அங்கே புதிய அரசொன்றை நிறுவுவான் என்பதைப் பேரரசுகள் எண்ணிப்பார்ப்பதில்லை. 1300 ஆம் ஆண்டளவில் அத்தகைய எல்லைப்புறச் சிற்றரசொன்றாகவே உதுமானிய அரசும் தோன்றிற்று.

செல்சூக்கியரின் பேரமைச்சர் நிசாமுல்முல்க் ஈரானியர். 1092 இற் கொலையுண்ட அவர், தாம் எழுதிய அரசியல் நூலிலே, ஒரே இனத்தவரைக் கொண்டு படையமைத்தல் ஆபத்தென்றும், பல இனத்தாரைக் கலந்து அமைத்தலே நலமென்றும் சுல்தானுக்கு அறிவுரை கூறுகிறார். பகைவனை வெல்வதைக் காட்டிலும், தன் படை தன்மேற் பாயாதிருப்பதே அங்கு அவர் கவலை.

கோடைகாலம் வகுத்த எல்லை

1501 இல் தப்ரீஸ் நகரில் ஷா இஸ்மாயில் முடிசூடியபோது சபவியப் பேரரசு பிறந்தது. அவனைத் தாங்கியவர்கள் ‘கிசில்பாஷ்’ எனப்பட்ட செந்தலைப்பாகைத் துர்க்மேனியக் குலத்தவர். இங்கே ஆசிரியர்களும் மாணவர்களும் கவனிக்கத்தக்க செய்தியொன்று உண்டு. பாரசீகத்தின் மன்னனான இஸ்மாயில் கவிதை இயற்றியது துருக்கிய மொழியில்; அவனை எதிர்த்த துருக்கியச் சுல்தான் முதலாம் சலீம் கவிதை இயற்றியது பாரசீக மொழியில். ‘துருக்கியருக்கும் பாரசீகருக்கும் யுத்தம்’ என்று இன்று எளிதாகச் சொல்லப்படும் சொற்றொடர் எத்துணைப் பொருத்தமற்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1514 ஓகஸ்ட் மாதத்திற் சால்திரான் சமவெளியில் அவ்விருவரும் பொருதனர். பீரங்கியும் துப்பாக்கியும் ஏந்திய உதுமானியர் படை, வாளும் வில்லும் நம்பிய கிசில்பாஷ் குதிரைப்படையை முறியடித்தது. சலீம் தப்ரீசுக்குள் நுழைந்தான். ஆனால் அங்கே அவனாற் குளிர்காலத்தைக் கழிக்க முடியவில்லை. யெனிச்செரிகள் எனப்படும் அவனுடைய காலாட்படையினர் மேலே செல்ல மறுத்தனர். சில நாட்களில் அவன் திரும்ப வேண்டியதாயிற்று.

இது தற்செயலன்று. உதுமானியப் படையின் பெரும்பகுதி ‘திமார்’ என்னும் நிலமானியம் பெற்ற சிபாஹிகளாலானது. அவர்கள் ஊதியம் தம் நிலத்து வரியிலிருந்து வருவது. ஆதலின் வசந்தத்திற் புறப்பட்டு, இலையுதிர்காலத்தில் ஊர் திரும்பி, விளைச்சலிற் பங்கு பெற்றாக வேண்டும். போர்ப்பருவம் மே மாத ஆரம்பத்து ஹிஸிர் நாளிலே தொடங்கி நவம்பர் ஆரம்பத்துக் காசிம் நாளிலே முடிவது மரபு. இஸ்தான்புல்லுக்கும் தப்ரீசுக்கும் இடையே சுமார் 1,500 கிலோமீற்றர் தூரம். போகும்போதே கோடை கழிந்துவிடும். இதனை உணர்ந்த ஷா தஹ்மாஸ்ப், எதிர்த்து நிற்பதை விடுத்து, வழியிலுள்ள பயிரை எரித்தும் கிணறுகளைத் தூர்த்தும் பின்வாங்கினான். தலைநகரையும் தப்ரீசிலிருந்து கஸ்வீனுக்கு மாற்றினான். 1598 இல் அவன் பேரன் அதனை இஸ்பஹானுக்குக் கொண்டுசென்றான். 1555 இல் அமாசியா உடன்படிக்கை உண்டானபோது, அவ்வெல்லையை நிர்ணயித்தது அமைச்சரின் எழுதுகோலன்று. சிபாஹியின் அறுவடைக் காலமும் கிழக்கு அனத்தோலியாவின் பனியுமே என்று சொல்லத் தோன்றுகிறது.

அவ்விடைநிலத்தில் வாழ்ந்தோர் குர்தியர், ஆர்மேனியர், துர்க்மேனியர். சால்திரானின் பின்னர், இத்ரீஸ் பித்லிசி என்னும் அறிஞரின் சமரசத்தாற் குர்தியச் சிற்றரசர் பலர் பரம்பரை உரிமையோடு உதுமானியர் பக்கம் சேர்ந்தனர். ஷா அப்பாஸ் குர்தியக் குலங்களை உஸ்பெக்கியருக்கு எதிராகக் கிழக்கே குராசானில் கொண்டுபோய்க் குடியேற்றினான். 1604 இல் அராஸ் நதிக்கரையிலிருந்த ஜூல்பா நகரத்து ஆர்மேனியரைப் பெயர்த்து இஸ்பஹானுக்கு ஓட்டிச் சென்றான். பகைவனுக்கு வெறுநிலத்தை விட்டுச் செல்வது அவன் உத்தி. எல்லை என்பது அன்று கோடன்று. மக்களை வெறுமையாக்கிய ஒரு பெருவெளி.

ஷா அப்பாசின் மருந்து

1579 இல் கிசில்பாஷ் தலைவர்கள், தம் ஆதிக்கத்துக்கு இடையூறாக நின்ற அரசியைக் கொன்றனர். அவள் அப்பாசின் தாய். அப்போது அவன் சிறுவன். முடியேறியபின் அக்குலங்களின் வலிமையை ஒடுக்க அவன் கொண்ட உறுதியை இச்செய்தியோடு சேர்த்தே விளங்கிக்கொள்ள வேண்டும். ஜோர்ஜிய, ஆர்மேனிய, சிர்காசிய இளைஞரைக் கொண்டு குலாம் படையொன்றைப் பெருக்கினான். துப்பாக்கிப் படையும் பீரங்கிப் படையும் அமைத்தான். ஜோர்ஜியரான அல்லாஹ்வர்தி கான் பெருந்தளபதியாக உயர்ந்தார். 1603 இல் தப்ரீசும் 1623 இல் பக்தாதும் மீண்டன.

மருந்து பலித்தது, ஆயினும் அதன் விலை பின்னரே தெரியவந்தது. குலாம்களுக்கு ஊதியம் பணமாகத் தரவேண்டும். அதற்காக, கிசில்பாஷ் ஆளுநரிடமிருந்த மாகாணங்களை அரசரின் நேர்நிலமாக்கினான். முன்பு அவ்வாளுநர் தம் மாகாண வருவாயிலே எல்லைப் படையைப் பேணினர். இப்போது வருவாய் தலைநகருக்குச் சென்றது. எல்லையிலே படை மெலிந்தது. பின்வந்த மன்னர் எல்லை மாகாணங்களையும் அவ்வாறே மாற்றினர். 1722 மார்ச் மாதத்தில், காந்தகார் எல்லையிற் கலகஞ்செய்த ஆப்கானியர் குல்னாபாத்திலே அரச படையை வென்று, அவ்வாண்டு ஒக்டோபரில், பட்டினியால் வாடிய இஸ்பஹானைப் பிடித்தனர். மறுபுறத்திலும் இதே நோய். 1622 இல் யெனிச்செரிகள் தம் சுல்தான் இரண்டாம் உஸ்மானைக் கொன்றனர். 1826 இல் இரண்டாம் மஹ்மூத் அப்படையைப் பீரங்கியால் அழிக்கும் வரை, அரசு தன் காவலருக்குக் கப்பம் கட்டியே வாழ்ந்தது. வேலியே பயிரை மேய்வது என்னும் நம் பழமொழிக்கு இவ்விரு பேரரசுகளும் நல்ல உரை.

1639 இல் எழுதப்பட்டது யாது?

1638 இறுதியில் நான்காம் முராத் பக்தாதை மீண்டும் கைப்பற்றினான். இருதரப்பும் களைத்துப்போன அந்நிலையிற் பிறந்ததே 1639 உடன்படிக்கை. அது நிலத்திலே கோடு கிழிக்கவில்லை. கோட்டைகளையும் ஊர்களையும் குலங்களையும் பெயர் சொல்லிப் பங்கிட்டது. ஜாஃப் என்னும் குர்தியக் குலத்தின் சில கிளைகள் சுல்தானுக்கு. வேறு சில கிளைகள் ஷாவுக்கு. கோடையில் மலைக்கும் குளிரிற் சமவெளிக்கும் பெயர்ந்து செல்லும் மேய்ச்சற்குலத்தைப் பங்கிட்டால், எல்லையும் அவர்களோடு கூடவே நடந்து செல்லுமன்றோ!

அதன் பின்னரும் யுத்தங்கள் ஓயவில்லை. 1746 இல் நாதிர் ஷாவுடனும், 1823 இலும் 1847 இலும் எர்சுரூமிலும் செய்யப்பட்ட உடன்படிக்கைகள் பழைய எல்லையையே மீண்டும் மீண்டும் கூறின. ஒருமுறை முடிந்த காரியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய தேவை ஏன்? பழைய எல்லை எதுவென்பதில் இருவரும் உடன்படவில்லை என்பதே விடை. 1840 களில் பிரித்தானியாவும் ருஷ்யாவும் நடுவராகப் புகுந்தன. நில அளவையாளர் பல்லாண்டுகள் மலையேறி இறங்கினர். ஈற்றில் 1913 இல் ஒப்பமிட்ட உடன்படிக்கையின்படி, நான்கு நாடுகளின் ஆணைக்குழு 1914 இலே பாரசீக வளைகுடா முதல் அராரத் வரை எல்லைத்தூண்களை நாட்டி முடித்தது. அப்போது முதலாம் உலகயுத்தம் மூண்டுவிட்டது. 1932 இலும் எல்லை மாறிற்று. அராரத் பகுதியிற் குர்தியர் எழுச்சியை அடக்குவதற்காகத் துருக்கி சிறிய அராரத் மலையைப் பெற்று, வேறிடத்தில் ஈரானுக்கு நிலம் கொடுத்தது. ஆகவே 1639 இன் எல்லை மாறவில்லை என்னும் கூற்று பாதி உண்மையே. இரு பேரரசுகளும் ஒன்றையொன்று விழுங்க முடியாதென ஏற்ற ஆண்டு 1639. எல்லை கோடாகியது இருபதாம் நூற்றாண்டிலே, அந்நிய அளவையாளரின் கருவிகளால்.

அக்கோட்டின் தென்பகுதி ஈராக்குக்குப் பிதிரார்ச்சிதமாயிற்று. ஷத்-அல்-அரபு நதியில் எல்லை எதுவென்பதில் 1937 இலும் 1975 இலும் உடன்பாடு காணப்பட்டது. 1980 செப்ரெம்பரில் சதாம் ஹுசைன் 1975 உடன்படிக்கையை மறுத்து ஈரான்மேற் படையெடுத்தார். அவ்யுத்தத்துக்குக் காதிசிய்யா என்ற பழம்போரின் பெயரையும் சூட்டினார். எட்டாண்டுகளில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். 1990 இல் அவரே 1975 இன் எல்லையை மீண்டும் ஏற்றுக்கொண்டார்.

இன்றைய காவலர்

இப்பழங்கதைகளை மனத்திற் கொண்டு நிகழ்காலத்தை நோக்குவோம். 1921 இல் ஈரானில் ஆட்சியைக் கவிழ்த்த ரெஸா கான், ருஷ்ய அதிகாரிகள் பயிற்றிய கொசாக் படையிலிருந்து வந்தவர். 1979 புரட்சியின் தலைவர்கள், பழைய இராணுவம் தம்மைக் கவிழ்க்கக்கூடுமென அஞ்சி, அதனைக் கலைக்காமலும் நம்பாமலும், அருகிலே புரட்சிக் காவற்படையை நிறுவினர். புரட்சியின் பின்னர் எழுந்த அரசியலமைப்பிலே, நாட்டின் சுதந்திரத்தையும் நிலத்தையும் காப்பது இராணுவத்தின் கடமை; புரட்சியையும் அதன் பேறுகளையும் காப்பது காவற்படையின் கடமை. எல்லைக்கு ஒரு படை, அரசுக்கு ஒரு படை. அக்கிமெனியர் ஆளுநரையும் கோட்டைத் தலைவனையும் பிரித்ததும், அப்பாஸ் கிசில்பாஷுக்கு எதிரே குலாமை நிறுத்தியதும் இதே அச்சத்தின் முன்னைய வடிவங்கள் எனக் கருதுகிறேன்.

துருக்கியிலும் நிலைமை வேறன்று. 2016 ஜூலை 15 இற் படையினர் சிலர் ஆட்சியைக் கைப்பற்ற முயன்று தோற்றனர். அம்மாதத்துக்குள்ளேயே ஜெந்தர்மா என்னும் ஊர்க்காவற்படை உள்நாட்டமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. இராணுவ உயர்பாடசாலைகள் மூடப்பட்டன. எல்லைக் குலங்களைக் கொண்டே எல்லையைக் காக்கும் பழக்கமும் தொடர்ந்தே வந்திருக்கிறது. 1891 இல் சுல்தான் அப்துல்ஹமீது குர்தியக் குலங்களிலிருந்து ஹமீதியே குதிரைப்படையை அமைத்தார். 1985 இல் துருக்கிக் குடியரசு, குர்திய ஊரவருக்குச் சம்பளமும் துப்பாக்கியும் தந்து ஊர்க்காவலர் முறையை ஏற்படுத்திற்று. அயலவனைச் சுட அயலவனுக்கே ஆயுதம் கொடுக்கும் இம்முறை, யுத்தம் ஓய்ந்த பின்னரும் ஊருக்குள்ளே பகையை விட்டுச் செல்வது.

வடக்கே அராஸ் நதி 1828 ஆம் ஆண்டுத் துர்க்மன்சாய் உடன்படிக்கையால் ஈரானின் எல்லையாயிற்று. அதன் இரு கரையிலும் துருக்கிய மொழி பேசும் அசர்பைஜானியரே வாழ்கின்றனர். 2020 யுத்தத்தில் அசர்பைஜான் அந்நதிக்கரையின் ஒரு பகுதியை ஆர்மேனியப் படைகளிடமிருந்து மீட்டது. 2021 இலும் 2022 இலும் ஈரான் அக்கரையிலே படைப்பயிற்சிகளை நடத்திற்று. 2025 ஓகஸ்டில் வாஷிங்டனில், ஆர்மேனியாவின் தென்பகுதியூடாக அசர்பைஜானையும் நக்கிச்சவானையும் இணைக்கும் பாதையொன்றுக்கு இணக்கம் காணப்பட்டபோது, தன் வடக்கெல்லை பிறர் கைக்குச் செல்லுமோவென்று தெஹ்ரான் கலங்கியது. இனவழியிற் கோடு கிழித்தால் ஈரானுக்குள்ளேயே கோடு விழும் என்பதை அங்குள்ளோர் நன்கறிவர்.

இனி, சுவரின் அடியில் நிற்பவரைப் பார்ப்போம். ஈரானின் மேற்கு மலைகளிலே ‘கோல்பர்’ எனப்படும் குர்தியச் சுமைகாரர், வேறு தொழிலின்றித் தேயிலை, சிகரெட், மின்சாதனங்கள் முதலியவற்றை முதுகிலே சுமந்து எல்லையைக் கடக்கின்றனர். ஆண்டுதோறும் அவர்களுட் பலர் சுடப்பட்டும், பனியில் உறைந்தும், கண்ணிவெடியிற் சிக்கியும் மாண்டு வருகின்றனர். அவர்கள் கடக்கும் மலைவழி, அவர்களுடைய பாட்டனார் மந்தையோட்டிச் சென்ற வழி. 2025 இல் ஈரான் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட ஆப்கானியரைத் திருப்பியனுப்பிற்று. அவர்களுள் ஈரானிலே பிறந்த பிள்ளைகளும் உண்டு. இவர்களுள் ஒருவரும் படையெடுத்து வந்தவரல்லர். குர்கான் சுவர் ஹூணரின் குதிரைப்படைக்காகக் கட்டப்பட்டது. இன்றைய சுவர் தலையிற் பொதியும் கையிற் குழந்தையுமாக வருபவருக்காகக் கட்டப்படுகிறது.

அரசுகளுக்கு எல்லை வேண்டாமென்று நான் கூறவில்லை. எல்லையற்ற வெளியிலே ஜூல்பா மக்கள் பட்ட துன்பத்தை அறிந்தவர் அவ்வாறு கூறார். அளந்து நாட்டிய கல், இரு அரசுகளும் ஏற்றுக்கொண்டதாயின், பலவீனனுக்கும் ஓரளவு பாதுகாப்பே. ஆனால் இந்நெடிய வரலாற்றிலே நான் காண்பது ஒன்று. எல்லையைக் காத்தவை பெரும்பாலும் அங்கே வாழ்ந்தோரின் ஒப்புதலும், காவலருக்கு ஒழுங்காகக் கிடைத்த ஊதியமும், அயலரசு தன் கைக்கு எட்டாததை ஒப்புக்கொண்ட களைப்புமே. ஹீராவின் காவலரை ஒழித்தவன் வடக்கிலே எத்தனை கோட்டை வைத்திருந்தும் பயனில்லை. மாகாணத்தின் வருவாயைத் தலைநகருக்கு இழுத்தவர்களின் எல்லையை, அவர்களுடைய குடிகளே கடந்து வந்தனர்.

ஆகவே இவ்வெல்லைகளைப் பற்றிய செய்தியை இனி வாசிக்கும்போது, சுவர் எத்தனை கிலோமீற்றர் வளர்ந்தது என்பதோடு வேறு மூன்று வினாக்களையும் மாணவர் கேட்டுப் பழகுதல் நன்று. அங்கே நிற்கும் காவலன் யாருக்குப் பொறுப்புடையவன்? அவனுக்கு ஊதியம் எங்கிருந்து வருகிறது? அவன் காக்கும் மலையில் வாழ்பவனுக்கு அம்மலையாற் கிடைக்கும் பிழைப்பு யாது? அங்காராவும் தெஹ்ரானும் முதலிரு வினாக்களுக்கும் ஏதோவொரு விடை வைத்திருக்கின்றன. மூன்றாவதற்கு அவ்விடை கிடைக்கும்வரை, கோல்பர்கள் இரவிலே மலையேறிக்கொண்டுதான் இருப்பார்கள்.